வேலிக்கு அந்தப் பக்கம்

கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஈரக்கையை உதறினார் தணிகாசலம். துளிகள் உருண்டோடி மறைந்தன. மாவை ஊற்றலாம். ஊற்றாமல் நின்றார், வாசல் பக்கம் ஊன்றுகோல் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாரோ மடக்கு நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான், வால்டர் இன்னும் வரவில்லை. மாவை ஊற்றினார். ஒரு வட்டம், பக்கத்தில் இன்னொரு வட்டம். செப்டம்பர் பிறந்து வரும் முதல் ஞாயிறன்று ஆல்டர்புரூக் தீயணைப்பு நிலையத்தில் ஊருக்கே பான்கேக் விருந்து. சிவப்பு வண்டிகளை வெளியே தெருவில் நிறுத்திவிட்டு, அவை நின்ற இடத்தில் நீள மேசைகளைப் போட்டுவிடுவார்கள், நியூ ஜெர்சியின் இந்தச் சின்ன ஊர் முழுக்கக் குழந்தை குட்டிகளோடு வந்து உட்கார்ந்து சாப்பிடும். கல்லுக்கு முன்னால் நிற்பது தணிகாசலத்தின் வேலை. ஊரின் ஆம்புலன்ஸ் தொண்டர் குழுவில் அவர் சேர்ந்த வருஷமே அதை அவர் தலையில் கட்டிவிட்டார்கள், தோசை ஊற்றுகிற ஊர்க்காரருக்கு இது என்ன பெரிய வித்தை என்று. அதை வீட்டில் வந்து சொன்னபோது பரிமளா சிரித்த சிரிப்பு. இந்த வீட்டில் ஒரு நாளாவது ஒரு தோசையைத் திருப்பிப் போட்டிருப்பாரா இந்த மனுஷன், அவர் கையில் போய் ஊரே கரண்டியைக் கொடுத்திருக்கிறதே என்று, ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. வேண்டாம். அந்தச் சிரிப்பு இப்போது வேண்டாம். குமிழி வெடித்ததும் திருப்பணும், குமிழியைப் பார்.

குழுவின் தலைவி மரீன் காலையிலேயே அவரை ஓரமாக அழைத்துச் சொல்லிவிட்டாள். வால்டர் வருகிறார், மகள் டெனீஸ் கூட்டி வருகிறாள், கோடை முழுக்க நடக்கப் பழக்குகிற மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார், வெளியே வருவது இதுதான் முதல் தடவை. நீங்கள் வேண்டுமானால் பின்னால் போய் ஆரஞ்சு ஜூஸ் ஊற்றுங்கள், கல்லை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். காப்பாற்றியவரையும் காப்பாற்றப்பட்டவரையும் சேர்த்து நிற்கவைத்து ஊர்ச் செய்தி மடலுக்குப் படம் எடுக்கலாம் என்று யாரோ கிளம்பியிருந்தார்களாம், அதையும் தடுத்துவிட்டாளாம். நல்லவள். இந்த ஊரில் எல்லோருமே நல்லவர்கள், அதுதான் பெரிய தொந்தரவு, ஒருவர் மீதாவது கோபப்பட்டுத் தொலைக்கலாம் என்றால் முடிகிறதா. இல்லை மரீன், இங்கேயே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஏன் சொன்னார்? வால்டரைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்த்தால் என்ன ஆகுமோ என்று பயமாகவும் இருந்தது. அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்ததும் தனக்குள்ளிருந்து எது எழுந்து வரும் என்று அவருக்குத் தெரியவில்லை, தெரியாத ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மாவு ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் ஒரு காலை. வெயில் வந்துவிட்டது, குளிர்தான் விடவில்லை. பரிமளா எழுந்ததிலிருந்து கையைப் பின்னால் வளைத்து முதுகை அமுக்கிக்கொண்டிருந்தாள். என்ன என்று அவர் கேட்டார். கேட்டாரா? கேட்டார், கேட்டதாகத்தான் நினைவு, செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டிருப்பார், ஆனால் கேட்டார். வாயு என்றாள். நேற்று அந்தக் கொண்டைக்கடலை ஒத்துக்கொள்ளவில்லை, சீரகம் போட்டுத் தண்ணீர் கொதிக்கவைக்கிறேன் என்றாள். பெண்களுக்கு நெஞ்சுதான் வலிக்க வேண்டும் என்றில்லை, முதுகு வலிக்கும், தாடை வலிக்கும், வாயு என்று சொல்லிக்கொண்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், விடாமல் கேளுங்கள் என்று தொண்டர்களுக்குப் பாடம் எடுத்த பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவர் அதைக் கேட்டு, பரீட்சை எழுதி, தேறி, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார், மாட்ட ஆணி அடித்தவள் பரிமளாதான். விடாமல் கேட்கவில்லை. கேட்கிற நேரத்தில் இடுப்பிலிருந்த பேஜர் கத்திவிட்டது. மூச்சில்லை, நாடியில்லை, விலாசம் பின்வீடு. பின்வீடு என்றால் வேலிக்கு அந்தப் பக்கம். வால்டர். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடினார், குளிருதுங்க, ஸ்வெட்டர் என்று பின்னாலிருந்து அவள் குரல் வந்தது, வந்து போட்டுக்கறேன் என்றார். வந்து போட்டுக்கறேன். அவளிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான், இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு ஒரு ஸ்வெட்டரைப் பற்றி.

டானி, ஒரு தட்டு, பழம் போட்டது என்று யாரோ கேட்டார்கள். தட்டை நீட்டினார். இந்த ஊருக்கு அவர் டானி. தணிகாசலம் என்பதில் முதல் இரண்டு எழுத்தோடு நின்றுவிட்டார்கள், அவரும் விட்டுவிட்டார். அதற்கு முன்னால் அந்தப் பெயர்கூட இல்லை, மூலை வீட்டு இந்தியத் தம்பதி, அவ்வளவுதான். இங்கே ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வதெல்லாம் குழந்தைகள் வழியாக. பள்ளிக்கூட வாசல், கால்பந்து மைதானம், நீச்சல் குளம், யாருடைய அம்மா யாரைக் காரில் கூட்டிப்போகிறாள், அப்படித்தான் இந்த ஊர் தைக்கப்பட்டிருக்கிறது, குழந்தை இல்லாதவர்களுக்கு அதில் ஊசி நுழைய இடமில்லை. காலையில் நியூயார்க் ரயில், சாயங்காலம் திரும்ப ரயில், வெளிச்சமான ஜன்னல்களைத் தாண்டி நடந்து வந்து தங்கள் ஜன்னலுக்குப் பின்னால் இரண்டு பேர். ரயிலடியில் தொண்டர்கள் தேவை என்று ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தது பரிமளா. நீங்க சேருங்க என்றாள். ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும் என்றார் அவர். வந்தா அவங்களே தூக்கிட்டுப் போவாங்க இல்ல, அதுக்குத்தானே வண்டி வச்சிருக்காங்க என்றாள். பிறகு, இரவு படுத்தபிறகு என்று நினைக்கிறார், இல்லை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். நாம ரெண்டு பேரும் இங்கதான் சாகப்போறோம். ஊர்ல நாலு பேருக்காவது நம்ம பேரு தெரிய வேண்டாமா.

தெரிந்தது. தெரிந்த விதம்தான். அவள் போன மறுநாளே வாசலில் அலுமினியத் தாள் போட்டு மூடிய தட்டுகள் வந்து உட்கார ஆரம்பித்தன, சூடாக்கும் முறையும் கொண்டுவந்தவர் பெயரும் ஒட்டியபடி. இறைச்சி இருந்தவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார், அவளைக் கூப்பிட்டுக் கேட்கலாமென்று வாயும் திறந்திருக்கிறார். புல்லை யார் வெட்டிவிட்டுப் போகிறார்கள் என்று இன்றுவரை தெரியாது. நூலகத்தில் அவள் பெயரில் குழந்தைகள் புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய வாங்கி அடுக்கிவிட்டார்கள், குழந்தைகள் புத்தகங்கள், கேட்டால் தடுத்திருப்பார், கேட்கவில்லை, அன்பு கேட்டுக்கொண்டா வருகிறது. மெதடிஸ்ட் சர்ச்சில் அவளுக்காகப் பிரார்த்தித்தார்கள், பரிமளா என்று சொல்ல அந்தப் பாதிரியார் முன்கூட்டிப் பழகியிருந்தார், நாக்கு புரளாமல் சொன்னார். இப்போது நாலு பேர் என்ன, ஊருக்கே தெரியும். பாரேன், ஊருக்கே தெரிஞ்சுபோச்சு என்று சொல்லத்தான் ஆளில்லை. இதையெல்லாம் அவளிடம் சொன்னால் என்ன சொல்வாள் என்று யோசித்துப் பார்ப்பார், முதலில் எல்லாம் அவள் குரலிலேயே பதில் வந்துகொண்டிருந்தது, இப்போது அவர் யோசித்து யோசித்து அவளுக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது. அது அவருக்கு வேறு மாதிரியான பயம். குரல் தேய்கிறது.

கருகுகிறது, திருப்பு. ஒன்றை எடுத்து ஓரத்தில் போட்டார். நெஞ்சை உள்ளங்கை அடிப்பகுதியால் அழுத்த வேண்டும், முழங்கை மடங்கக் கூடாது, உடம்பின் பாரம் முழுக்க இறங்க வேண்டும். வால்டரின் சமையலறைத் தரையில் காபி கொட்டியிருந்தது, அதிலேயே முட்டி போட்டார். டெனீஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்பா அப்பா என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். விலா எலும்பு கையடியில் முறிவது தெரிந்தது, முறிந்தால் நிறுத்தாதே என்று பாடம். அப்போது பையில் போன் அதிர்ந்தது. அதிர்ந்ததா? இங்கேதான் ஒவ்வொரு தடவையும் வந்து முட்டிக்கொள்கிறது. தொடையில் ஒரு நடுக்கம் தெரிந்தது போலவும் இருக்கிறது, அது முட்டி போட்ட காலின் நடுக்கம் போலவும் இருக்கிறது. பிறகு பார்த்தபோது அவள் அழைப்பு இருந்தது. ஒரே ஒரு தடவை. உதவிக்குக் கூப்பிட்டாளா, இல்லை, வால்டருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவா, ஸ்வெட்டரை வேலி மேல் போட்டிருக்கிறேன் என்று சொல்லவா. வேலையில் இருப்பவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, அதனால் ஒரு தடவை என்பதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. எடுத்திருந்தால். எடுப்பதற்கு ஒரு கையை எடுத்திருக்க வேண்டும், கையை எடுத்தால் வால்டர். மற்றவர்கள் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கிற கருவியோடு வந்து சேர்ந்தார்கள், ஆம்புலன்ஸில் ஏறியும் அழுத்திக்கொண்டே போனார், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது நாடி வந்துவிட்டது. தோளில் தட்டினார்கள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு உயிர் திரும்பி நான் பார்த்ததில்லை என்றாள் மரீன். யாரோ சர்க்கரை தூவிய டோனட் கொடுத்தார்கள், சாப்பிட்டார். நின்று, ரசித்து, காபியில் தோய்த்துச் சாப்பிட்டார். எதையும் தாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது, அந்த டோனட்டைத் தாங்க முடியவில்லை. அவள் அந்த நேரம். அதற்கு முன்னாலேயே இருக்கலாம். இல்லை, அந்த நேரம்தான். இந்தச் செய்தியை நேரில் சொல்ல வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று போனில்கூடக் கூப்பிடாமல் வந்தார். சாப்பாட்டு மேசையில் கையை மடித்துத் தலைசாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தார். டம்ளரில் சீரகத் தண்ணீர் பாதி இருந்தது. அடுப்பை அணைத்திருந்தாள். அடுப்பை அணைத்து, டம்ளரில் ஊற்றி, உட்கார்ந்து, பாதி குடித்து, போனை எடுத்திருக்கிறாள், அப்படியென்றால் நேரம் இருந்திருக்கிறது, அந்த நேரம் முழுக்க அவர் வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், வேறொருவர் நெஞ்சின் மேல்.

அதன்பிறகு ஒரு எண்ணம் வந்தது, வரக்கூடாத எண்ணம், முடிவெட்டிக்கொள்ளும்போது, ரயிலில் நிற்கும்போது, எங்கேயும் வரும். வால்டர் எண்பதைத் தாண்டியவர். மனைவியை எப்போதோ பறிகொடுத்தவர். பார்த்தாயிற்று, வாழ்ந்தாயிற்று. தராசின் ஒரு தட்டில் அவரை வைத்து இன்னொரு தட்டில் பரிமளாவை வைத்துப் பார்த்தது மனசு, பார்த்துவிட்டது, இனி பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கை நின்றிருக்கலாம் என்று ஒரு நாள் நினைத்தார். நினைத்துவிட்டு, கையைத் தண்ணீரில் நீட்டிக்கொண்டு வெகு நேரம் குளியலறையில் நின்றார். வால்டரைப் பார்க்க அவர் ஒரு தடவைகூடப் போகவில்லை. துக்கம் தாளாமல் வரவில்லை என்று ஊர் புரிந்துகொண்டது. ஊர் எல்லாவற்றையும் நல்லதாகவே புரிந்துகொள்கிறது. இன்று அந்த மனுஷன் வரிசையில் நின்று முன்னால் வந்து நன்றி என்று சொன்னால் இவர் வாயிலிருந்து என்ன வரும்? ஒன்றும் வராவிட்டாலும் பரவாயில்லை. முகத்தில் தெரிந்துவிட்டால்?

சலசலப்பு இறங்கியபோது நிமிராமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. வரிசை தானாக ஒதுங்கி வழிவிட்டது. டெனீஸ் ஒரு பக்கம் பிடித்திருக்க, இன்னொரு பக்கம் நான்கு கால் வைத்த ஊன்றுகோலோடு வால்டர் வந்தார், சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது, பாதி ஆளாகிவிட்டிருந்தார். தணிகாசலம் கரண்டியை இறுக்கிப் பிடித்தார். உள்ளேயிருந்து எழுந்து வரப்போவது எதுவோ, அதற்காகக் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. ஷேவ் செய்தபோது விட்டுப்போன நரைமயிர் தாடையில் ஓரிடத்தில் நின்றிருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டானி,” என்றார் வால்டர். குரல் மட்டும் பழைய குரல். “என் விலா எலும்பை உடைச்ச ஆளு நீதானாமே. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. காபி போட்டேன், கண்ணைத் திறந்தா ஆஸ்பத்திரி. நடுவுல என்னவெல்லாமோ காணாமப் போயிடுச்சு.”

கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் சிரிக்க முயன்றார்கள். தணிகாசலம் தட்டில் பான்கேக்கை வைத்தார். உட்காருங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

“பாரி எங்க?” என்றார் வால்டர். பரிமளா அவர் வாயில் எப்போதும் பாரிதான். “அவளைக் காணோமே. நான் வந்ததிலேர்ந்து வேலிப் பக்கமே வரல. கோபமா என் மேல?”

மேசைகளில் முள்கரண்டிகள் நின்றன. மரீன் ஜூஸ் குடுவையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். டெனீஸ் முகம் வெளுத்துவிட்டது, அப்பா என்று தோளைத் தொட்டாள், பிறகு தணிகாசலத்தைப் பார்த்தாள். சொல்லவில்லை என்று புரிந்தது. சொல்ல முடியவில்லை, அவர் இதயம் தாங்காது என்று பயந்திருக்கிறாள், யார் போய் அவளைக் குறை சொல்வது. உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ சொல்லுங்கள் என்பது போல இருந்தது அவள் பார்வை, அல்லது சொல்லிவிடாதீர்கள் என்பது போல. உண்மை தணிகாசலத்தின் நாக்கு நுனியில் இருந்தது. இறந்துவிட்டாள், வால்டர். நீங்கள் பிழைத்த காலையில். இதைச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு என்று ஊரே நினைக்கும்.

“வீட்ல இருக்கா,” என்றார்.

எத்தனை மாதமாகிவிட்டது அந்த வார்த்தைகளைச் சொல்லி. மளிகைக் கடையில், ரயிலில், ஆபீஸ் போனில், யோசிக்காமல் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது, வீட்ல இருக்கா.

வால்டர் தலையாட்டினார். அவருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. “அவகிட்ட சொல்லு. டெனீஸ் நாலு தக்காளிச் செடி வச்சிருக்கா. எல்லாம் பச்சையாத் தொங்குது. பழுக்க விட்டுடாதீங்க, எனக்குப் பச்சையாத்தான் வேணும்னு ஒவ்வொரு வருஷமும் சொல்றாளே. இவங்க பறிச்சு வீணாக்குறதுக்குள்ள பையை எடுத்துட்டு வரச் சொல்லு. புளிப்பா ஏதோ பண்ணுவாளே, எனக்கு ஒரு பாட்டில் குடுப்பா. நாக்கு எரியும். ஆனா விட மாட்டேன்.”

சொல்றா. பண்ணுவா. குடுப்பா. ஏப்ரலிலிருந்து இந்த ஊரில் ஒருவர்கூட அவளைப் பற்றி அப்படிப் பேசியதில்லை. எவ்வளவு நல்லவளாக இருந்தாள், எவ்வளவு அழகாகச் சிரித்தாள் என்றுதான், இருந்தாள் இருந்தாள் என்று ஆளுக்கொரு பிடி மண்ணாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவரும் கூடச் சேர்ந்து போட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தளர்ந்த மனுஷனின் ஓட்டை விழுந்த தலைக்குள் மட்டும் அவள் உயிரோடு இருக்கிறாள். உலகத்தில் வேறெங்கும் இல்லை. அங்கே மட்டும், வேலியோரம், பையோடு வரப்போகிறவளாக. அதை உடைக்க அவரால் முடியவில்லை. எந்தக் கையால்? அந்தக் கைதான் அந்தத் தலைக்கு ரத்தம் அனுப்பியது.

கரண்டியை மரீனிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். கல்லைச் சுற்றி வெளியே வந்து வால்டரின் தட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டார், பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள், வால்டரை உட்காரவைத்துவிட்டு எதிரில் அவரும் உட்கார்ந்தார். டெனீஸ் கைக்குட்டையை வாயில் அழுத்தியபடி சற்றுத் தள்ளி நின்றுகொண்டாள். வீட்டுக்குப் போனதும் அவள் சொல்லிவிடுவாள், இனி சொல்லாமல் இருக்க முடியாது, இன்று சாயங்காலத்துக்குள் இவருக்கும் தெரிந்துவிடும், இவரும் இருந்தாள் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். தணிகாசலத்துக்கு அது நன்றாகவே தெரிந்தது. சிரப்பைத் தாராளமாக ஊற்றினார். பான்கேக்கைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுத்தார்.

“உங்ககிட்ட நிறையப் பேசுவாளா?” என்று கேட்டார்.

“பாரியா? நீ ரயிலுக்குப் போனதும் வந்துடுவா. உன்னைப் பத்திதான் பேசுவா.” வால்டர் மென்றார், மெல்லுவதற்கு நேரம் பிடித்தது. “உன் இடுப்புல இருக்கற பெட்டி கத்துச்சுன்னா நீ ஓடுவியே, அப்ப உன்னைப் பார்க்கணும்கறா. கல்யாணமான புதுசுல பஸ்ஸைப் பிடிக்க இப்படித்தான் ஓடுவியாம். நடுவுல எங்கயோ அதை விட்டுட்டியாம். இப்பத் திரும்பி வந்துடுச்சாம். ஜன்னல்ல நின்னு நீ மறையற வரைக்கும் பார்ப்பாளாம். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னா, நான் சொல்லிட்டேன்.”

தணிகாசலம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலையில் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் ஓடிய கொல்லைப் பக்கம் பார்த்த ஜன்னல் அது.

வால்டரின் தட்டில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. தணிகாசலம் எழுந்து போய் இன்னொன்றை வாங்கிவந்து அதில் வைத்தார். போதும் டானி, டாக்டர் திட்டுவார் என்றார் வால்டர். மெதுவாகச் சாப்பிடுங்கள், ஒன்றும் அவசரமில்லை என்றார் தணிகாசலம். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்புறம் வேற என்ன சொல்றா?”